உளவாளி என்னும் சொல்லும் நம் நாவின் பொறுப்பும்

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் வழங்கும் மீன் பெயர்களையும் வலைப் பெயர்களையும் தொகுக்கச் சென்ற மாணவர் சிலரோடு நாமும் ஒருமுறை சென்றிருந்தோம். ஊர் நுழைவில் வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், மாணவர் கையிலிருந்த குறிப்பேடுகளை ஏற இறங்க நோக்கினார். "இன்னா சார், நோட்டெல்லாம் எடுத்துக்கினு வந்துகீறீங்க? சி.ஐ.டி.ங்களா?" என்றார். மாணவர் சிரித்தனர், முதியவரும் சிரித்தார். அருகில் இருந்த இளைஞர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து ஊருக்குள் சென்றார். சிறிது நேரத்தில் ஊர்ப் பெரியவர்கள் சிலர் வந்து நம்மைச் சூழ்ந்தனர். யார், எவர், எதற்காக வந்தீர், யார் அனுப்பினார் என்று வினவினர். கல்லூரியின் பெயரையும் தமிழ்த்துறையின் நோக்கத்தையும் விளக்கிய பின்னரே அவர்கள் முகம் தெளிந்தது. பிறகு தேநீர் வந்தது. நாம் கேட்காத மீன்களின் பெயர்களும் வந்தன.

புறப்படும்போது அந்த முதியவர் சொன்ன சொல் நம் நெஞ்சை விட்டு நீங்கவில்லை: "தப்பா நெனைச்சிக்காதீங்க சார். நோட்டோட வர்றவங்க வந்துட்டுப் போனப்புறந்தான் எங்களுக்கு எதுனா ஒண்ணு கையவிட்டுப் போவுது."

விளையாட்டாகக் கூறிய ஒரு சொல் அரை நாழிகைக்குள் விசாரணையாக மாறியதை நாம் கண்டோம். நம்மிடம் கல்லூரி இருந்தது. கூறுவதற்குக் காரணம் இருந்தது. கேட்பதற்கு நல்லவர்கள் இருந்தனர். இவற்றுள் ஒன்றும் இல்லாதவன் மேல் அச்சொல் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

சொற்களின் குடும்பம்

மறைந்திருந்து செய்தி அறிபவனைக் குறிக்கத் தமிழில் சொல் வளம் மிகுதி. ஒற்று, ஒற்றன், வேய், வேவு, உளவு, உளவன், உளவாளி, சாரன், சாரணன், துப்பறிவோன் என அது விரியும். ஆயினும் இவை அனைத்தும் ஒரே பொருளை ஒரே அளவில் உணர்த்துவன அல்ல.

ஒற்று என்பது ஒட்டியிருத்தலை உணர்த்தும் சொல். கண்ணீரை ஒற்றி எடுக்கிறோம். மெய்யெழுத்தை ஒற்றெழுத்து என்கிறோம். வேந்தனின் பகைப்புலத்தோடு ஒட்டி நின்று செய்தி கொணர்பவனை ஒற்றன் என்றது பொருத்தமே. வேய் என்னும் சொல் தொல்காப்பியப் புறத்திணை இயலில் வெட்சித் துறைகளுள் ஒன்றாக இடம் பெறுகிறது. ஆநிரை கவரச் செல்வோர் ஒற்றர் வாயிலாகப் பகைவர் நிலை அறிவதே அது. இன்று நாம் வழங்கும் வேவு அதனோடு உறவுடையது. உளவு என்பது உள் என்னும் அடியை நினைவூட்டுவது. உள்ளே நடப்பதை அறிதல் அதன் கருத்து. துப்பு என்பதோ வலிமை, உணவு, பவளம் எனப் பல பொருள் ஏற்றுப் பிற்காலத்தில் தடயத்தையும் குறிக்கலாயிற்று. ஒன்றுக்கும் உதவாதவனைத் துப்புக் கெட்டவன் என்று வைவதும் தடயம் தேடுபவரைத் துப்பறிவாளர் என்று வியப்பதும் நம் வழக்கில் அருகருகே வாழ்கின்றன.

சாரணர் என்னும் சொல்லின் வரலாறு இன்னும் விந்தையானது. சிலப்பதிகாரத்தில் அது சமண முனிவரைக் குறிக்கும். நிகண்டுகளும் அகராதிகளும் ஒற்றர் என்ற பொருளையும் தரும். இன்று நம் பள்ளிகளில் சீருடையும் கழுத்துத் துணியும் அணிந்து தொண்டு புரியும் சிறுவர்க்கு அதுவே பெயர். அண்டை மொழியாகிய மலையாளத்திலோ, சாரன் என்றால் உளவாளி. ஒரே வேரிலிருந்து பிறந்த சொல் ஓரிடத்தில் நற்சான்றாகவும் ஓரிடத்தில் குற்றச்சாட்டாகவும் நிற்கிறது. இதனைப் பின்னர்க் காண்போம்.

வள்ளுவர் இட்ட வேலி

ஒற்றரை நம் முன்னோர் இழிவாக எண்ணவில்லை. திருக்குறளின் 59ஆம் அதிகாரம் ஒற்றாடல். 581 முதல் 590 வரையுள்ள பத்துக் குறட்பாக்களும் இப்பொருளுக்கே உரியன. ஒற்றையும் புகழமைந்த நூலையும் அரசனுக்கு இரு கண்களாக வைத்தார் வள்ளுவர். நூலுக்கு இணையாக ஒற்றை வைத்தது சிறிய மதிப்பன்று.

எனினும் அவ்வதிகாரத்தை இறுதிவரை பயில்வோர்க்கு மற்றொன்று புலனாகும். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்கிறார். ஒருவரை ஒருவர் அறியாதவாறு ஆண்டு, மூவர் கூற்றும் ஒத்த பின்னரே அதனை உண்மை எனத் தெளிய வேண்டும் என்கிறார். ஒற்றனைக் கண்ணாக மதித்தவரே அக்கண் கண்டதை உடனே நம்பாதே என்று வேலியும் இட்டார். முறையாகப் பயின்ற ஒற்றன் சொல்லுக்கே மூன்று சான்று வேண்டும் என்றால், தெருவில் ஒருவன் மற்றொருவனைக் காட்டி உளவாளி என்பதற்கு எத்தனை சான்று வேண்டும்?

இவ்வேலி தாண்டப்படும்போது என்ன நேரும் என்பதற்குப் புறநானூற்றிலேயே சான்றுண்டு. சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் வந்த இளந்தத்தன் என்னும் புலவனை, நெடுங்கிள்ளி என்னும் சோழன் ஒற்றன் எனக் கருதிக் கொல்ல முற்பட்டான். பகைவனிடமிருந்து வந்தான் என்பதே அவன்மீது இருந்த ஐயத்துக்குக் காரணம். அவ்வேளையில் கோவூர்கிழார் குறுக்கிட்டார். பரிசில் பெற்று, சுற்றத்தை ஊட்டி, பிறர்க்குத் தீங்கு எண்ணாது வாழ்வது புலவர் வாழ்க்கை என எடுத்துரைத்து அவன் உயிரை மீட்டார். புறநானூற்றின் 47ஆம் பாடல் அதுவே. தமிழ்ப் புலவன் ஒருவன் தன் நாவால் மற்றொரு மனிதனை இச்சொல்லிலிருந்து காத்த வரலாறு நமக்கு ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது. தமிழ் பயில்வோர் இதனினும் பெரிய முன்மாதிரியைத் தேட வேண்டியதில்லை.

அன்றாட வழக்கில்

இன்றைய பேச்சு வழக்கில் ஒற்றன் என்ற சொல் அருகிவிட்டது. உளவாளி செய்தித்தாளில் வாழ்கிறது. மக்கள் நாவில் வாழ்வனவோ வேறு. வீட்டில் அண்ணன் செய்த குறும்பைத் தந்தையிடம் கூறும் தம்பி சி.ஐ.டி. ஆகிறான். அலுவலகத்தில் மேலதிகாரியிடம் செய்தி சேர்ப்பவன் போட்டுக்கொடுக்கிறான். கட்சி மாறியவன் ஐந்தாம் படை; 1936இல் தொடங்கிய ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பிறந்த அத்தொடர் நம் மேடைகளில் சொந்தப் பிள்ளையாகிவிட்டது. 1914 செப்டம்பர் 22 அன்று சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு வீசிச் சென்ற ஜெர்மானியக் கப்பலின் பெயர், சூழ்ச்சி வல்லவனை எம்டன் என்று அழைக்கும் வழக்கைத் தந்தது. எட்டயபுரத்துப் பாளையக்காரர் பெயரோ காட்டிக்கொடுப்பவன் என்பதற்கே மறுபெயராயிற்று.

1968இல் வந்த 'ரகசிய போலீஸ் 115', 1970இல் வந்த 'சி.ஐ.டி. சங்கர்' முதலிய திரைப்படங்கள் மறைமுகப் பணியாளரை வீரராகக் காட்டின. ஆகவே நம் ஆள் மறைந்திருந்து அறிந்தால் வீரன். எதிர் ஆள் அதையே செய்தால் துரோகி. செயல் ஒன்றே, சொல் மட்டும் இரண்டு.

ஆள்காட்டி என்னும் சொல்லையும் நினைக்க வேண்டும். ஏரிக்கரை வெளிகளில் மனிதர் நடமாட்டம் கண்டவுடன் கூச்சலிட்டுப் பறக்கும் குருவிக்கு ஆள்காட்டி என்று பெயர். அது காட்டிக்கொடுப்பது தன் குஞ்சைக் காக்க. நம் கையின் சுட்டுவிரலுக்கும் ஆள்காட்டி விரல் என்றே பெயர். அவ்விரலை எதற்காக நீட்டுகிறோம் என்பதை மட்டும் நாம் எண்ணுவதில்லை.

அரபு மொழியில் உளவாளிக்கு ஜாசூஸ் என்று பெயர். நம்மவருள் உருது பேசும் இல்லங்களிலும் இச்சொல் வழங்கும். திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயமாகிய அல்ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் மிகையான ஐயத்தையும், பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதையும், புறம் பேசுவதையும் ஒருங்கே விலக்குகிறது. துருவி ஆராய்தலுக்கு அங்கு வரும் சொல்லும் ஜாசூஸ் என்பதும் ஒரே வேரின. அதே அத்தியாயத்தின் 6ஆம் வசனம், நம்பத்தகாதவன் கொணரும் செய்தியை ஆராய்ந்து தெளியுமாறு பணிக்கிறது; அறியாமையால் ஒரு கூட்டத்தார்க்குத் தீங்கு இழைத்துப் பின் வருந்த நேரும் என்பதை அதற்குக் காரணமாகவும் காட்டுகிறது. வள்ளுவர் மூவரைக் கேள் என்றதும் இதுவும் ஒரே அறத்தின் இரு குரல்கள்.

ஏரியின் மேல் எழுந்த நெருப்பு

மீண்டும் பழவேற்காட்டுக்கு வருவோம். அந்நியர் வருகையை நெடுங்காலம் கண்ட கரை அது. 1613இல் டச்சுக்காரர் கெல்திரியா என்னும் கோட்டையை அங்கு எழுப்பினர். மயிலாப்பூரைச் சார்ந்த போர்த்துக்கீசியரோடு அவர்களுக்குத் தீராப் பகை இருந்தது. பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். இன்று எஞ்சி நிற்பன டச்சுக் கல்லறைகளே. ஊரின் பெயரோ கைலித் துணியோடு கடல் கடந்து, மலாய் மொழியில் பெலிகட் என இன்றும் வாழ்கிறது.

ஏரிக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கும் தீவு ஸ்ரீஹரிக்கோட்டை. ஏவுதளத்துக்காக அத்தீவு தேர்ந்தெடுக்கப்பட்டபோது அங்கு வாழ்ந்த எளிய மக்கள் இடம்பெயர நேர்ந்தது. 1971இல் அங்கிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டது. ராக்கெட் எழும் நாளில் மீனவர் கடலுக்குச் செல்லலாகாது. அன்றைய வருவாய் இல்லை. ஆயினும் அந்நெருப்பு ஏரியின் நீரில் மின்னுவதை நாட்டில் எவர்க்கும் முன்னே காண்பவர் அவர்களே.

1994 அக்டோபர் 15 அன்று பி.எஸ்.எல்.வி. ராக்கெட் அங்கிருந்து முதன்முறையாக வெற்றியுடன் எழுந்தது. அதன் இரண்டாம் நிலையில் எரிந்தது விகாஸ் என்னும் திரவ எரிபொருள் எந்திரம். அவ்வெந்திரத்தை உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர் நாகர்கோவிலில் பிறந்த தமிழர் நம்பி நாராயணன். வெற்றி கண்ட ஐந்தாம் நாள், அக்டோபர் 20 அன்று, மாலத்தீவைச் சேர்ந்த மரியம் ரஷீதா என்னும் பெண் திருவனந்தபுரத்தில் கைது செய்யப்பட்டார். தொடக்கத்தில் அவர்மீது கூறப்பட்டது, விசாக் காலம் கடந்து தங்கினார் என்பதே. சில நாட்களில் அது ராக்கெட் இரகசியங்களை விற்ற உளவு வழக்காக வளர்ந்தது. மற்றொரு மாலத்தீவுப் பெண்ணான ஃபௌஸியா ஹசன், விஞ்ஞானி சசிகுமாரன், பெங்களூரைச் சேர்ந்த சந்திரசேகர், சர்மா ஆகியோரும் கைதாயினர். நவம்பர் 30 அன்று நம்பி நாராயணன் கைது செய்யப்பட்டார்.

கேரளத்தில் அவ்வழக்குக்கு வழங்கிய பெயர் சாரக்கேஸ். சாரணர் என்று நாம் பிள்ளைகளுக்குச் சூட்டிய அதே சொல்லின் வேர், அங்கே மனிதர் நெற்றியில் சூடாக ஒட்டப்பட்டது. நீதிமன்றம் ஒரு சான்றையும் ஆராயும் முன்னர்ச் செய்தித்தாள்கள் தீர்ப்பு எழுதின. மாலத்தீவுப் பெண்கள் இருவரையும் பற்றி எழுதப்பட்ட கதைகள் நாகரிகம் உடையோர் வாய்விட்டுப் படிக்கத் தக்கன அல்ல. அவர்கள் அயல்நாட்டார், பெண்கள், முஸ்லிம்கள். இம்மூன்றும் சான்றுக்கு மாற்றாக எடுத்துக்கொள்ளப்பட்டன என்று நாம் கருதுகிறோம்.

1996இல் மத்தியப் புலனாய்வுத் துறை, அவ்வழக்கு பொய் என அறிக்கை அளித்தது. 1998இல் உச்ச நீதிமன்றம், மாநில அரசு மீண்டும் விசாரிக்க முனைந்ததை நீக்கியது. 2018 செப்டம்பர் 14 அன்று, நம்பி நாராயணனுக்கு 50 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2019இல் அவருக்குப் பத்மபூஷண் விருது அளிக்கப்பட்டது. சந்திரசேகரோ அத்தீர்ப்பை அறியாமலே, நினைவிழந்த நிலையில் இரண்டு நாட்களில் காலமானார். மாலத்தீவுப் பெண்கள் இருவரும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் சிறையிலும் காவலிலும் கழித்துத் தம் நாடு திரும்பினர். ஃபௌஸியா ஹசன் 2022இல் இறந்தார். விஞ்ஞானியின் பெயரை நாடு திருப்பித் தந்தது, அது நன்று. அப்பெண்களின் பெயரைத் திருப்பித் தந்தவர் யார்? அவர்களைப் பற்றி அன்று பக்கம் பக்கமாக எழுதிய கைகள், பின்னர் எத்தனை வரி எழுதின?

ஒரு சமூகத்தின் மேல் விழுந்த சொல்

தனி மனிதர் மேல் விழும்போதே இச்சொல் இத்தகையது. ஒரு சமூகம் முழுமையும் அதன்கீழ் வரும்போது விளைவது பெருந்துயரம். அதற்கும் தமிழ் பேசும் மண்ணிலேயே சான்று உண்டு. ஈழத்துப் போர்க்காலத்தில் தலையாட்டி என்றொரு சொல் பிறந்தது. சுற்றிவளைப்பில் முகமூடியிட்டு நிறுத்தப்பட்டவன் தலையை அசைத்தால், எதிரே நிற்பவன் கதை முடிந்தது. காட்டிக்கொடுப்பவன் என்ற ஐயத்தின் பேரிலும் பலர் உயிரிழந்தனர். 1990 அக்டோபரில், இலங்கையின் வட மாகாண முஸ்லிம்கள், ஏறத்தாழ 70,000க்கும் மேற்பட்டோர், விடுதலைப் புலிகளால் தம் ஊர்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தார்க்குத் தரப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். காட்டிக்கொடுப்போர் என்ற ஐயமும் அவர்கள்மேல் சாத்தப்பட்ட காரணங்களுள் ஒன்று. கைக்குழந்தையும் காட்டிக்கொடுத்ததா, கண் தெரியாத மூதாட்டியும் உளவு சொன்னாளா என்று கேட்க அன்று ஒரு கோவூர்கிழார் இல்லை.

இதனைக் கூறுவது பழம்புண்ணைக் கீறுவதற்கு அன்று. நம் சமூகத்தாரும் இச்சொல்லைப் பிறர்மேல் எறியாதவர் அல்லர். மஹல்லாவில் புதிதாகக் குடிவந்தவரை, கருத்து வேறுபட்ட இளைஞரை, நிருவாகத்தின் கணக்கைக் கேட்டவரை, யாருடைய ஆளோ என்று நாமும் முணுமுணுத்திருக்கிறோம். பட்ட சமூகமே படுத்தும் சமூகமாகலாகாது.

பாட்டு முறை கற்பிப்பது

2008 நவம்பரில் மும்பையைத் தாக்க வந்தவர்கள் குபேர் என்னும் மீன்பிடி படகைக் கைப்பற்றி, அதிலிருந்த மீனவரைக் கொன்று கரை சேர்ந்தனர். அதன்பின் கடலோரமெங்கும் பாதுகாப்பு இறுக்கப்பட்டது. மீனவர்க்கு அடையாள அட்டைகள் வந்தன. கரையின் கண்ணும் காதும் நீங்களே என்று மீனவர்க்கு அறிவுறுத்தப்பட்டது. ஐயத்துக்கிடமான படகைக் கண்டால் முறையாகத் தெரிவிப்பது குடிமகன் கடமை. அது உளவு அன்று, காவல். அதனை நாம் குறை கூறவில்லை. கண்டதைக் கண்டவாறு உரியவரிடம் கூறுவது வேறு. காணாததைக் கருதிக்கொண்டு ஊரறியப் பட்டம் சூட்டுவது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியச் சொல்லறிவு வேண்டும்.

அவ்வறிவு பழவேற்காட்டு மீனவரிடம் வேறொரு வடிவில் இருப்பதைக் கண்டோம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் முதலிய ஊரார், ஏரியின் வளமான மீன்பிடி இடங்களைப் பாடு எனப் பகுத்து, முறை வைத்தும் சீட்டு எடுத்தும் பகிர்ந்துகொள்கின்றனர். எவர், எந்நாள், எவ்விடத்தில் வலை கட்டுவார் என்பது ஊரறிந்த செய்தி. பக்கத்துக் குடும்பம் எங்கே அள்ளுகிறது என்று வேவு பார்க்க வேண்டிய தேவையே அங்கு எழுவதில்லை. இம்முறையில் எல்லாச் சமூகத்தார்க்கும் இடமில்லை என்னும் மனக்குறை உண்டு. அது தீர்க்கப்பட வேண்டியதே. ஆயினும் அதன் அடிப்படை உண்மை பெரிது. ஒளிவு குறைந்த இடத்தில் உளவும் குறையும். வெளிப்படை மிகுந்த இடத்தில் ஐயம் மெலியும்.

அம்முதியவர் நம்மை ஐயுற்றதில் குற்றம் காண நாம் துணியோம். குறிப்பேட்டோடு வந்தவர்கள் எதற்கு வந்தோம் என்பதை அவர்களிடம் முன்னரே கூறவில்லை. அவர் கேட்டார், ஊரார் வினவினர், விடை கேட்டபின் நம்பினர். ஐயம் கொள்வது மனித இயல்பு. கேட்டுத் தெளிவதே பண்பு. அக்குப்பத்தார் கேட்டுத் தெளிந்தனர். 1994இல் கற்றோர் பலர் அதனைச் செய்யவில்லை.

நாம் செய்யத்தக்கன

தமிழ் பயிலும் மாணவர்க்கும் எழுதுகோல் பிடிக்கும் அன்பர்க்கும் சில கருத்துகளைப் பணிவுடன் முன்வைக்கிறோம். நாட்டுப் பணியில் செய்தி அறிபவரைக் குறிக்க ஒற்றர் என்னும் பழஞ்சொல்லை மீண்டும் வழங்கலாம். அதற்குக் குறளின் மதிப்பு உண்டு. வழக்கில் சிக்கியவரை, தீர்ப்பு வரும்வரை உளவாளி என்று எழுதலாகாது; உளவு பார்த்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர் என்றே எழுத வேண்டும். தொடர் நீளும் என்று அஞ்ச வேண்டா. ஒரு மனிதரின் சிறைவாசத்தினும் அது நீளமானதன்று. குற்றமற்றவர் எனத் தெளிந்தபின், முதலில் எத்துணைப் பெரிய எழுத்தில் எழுதினோமோ அத்துணைப் பெரிய எழுத்தில் அதனையும் எழுத வேண்டும். வீட்டிலும் வீதியிலும் பள்ளிவாசல் திண்ணையிலும் இச்சொல் எழும்போது, மூவர் சொல் ஒத்ததா என்று கேட்கும் ஒருவராவது நம்முள் இருத்தல் வேண்டும்.

அந்தக் குப்பத்தில் நம் மாணவர் தொகுத்த சொற்களைப் படி எடுத்து ஊர்ப் பெரியவர்களிடம் சேர்ப்பித்தோம். வாங்கிக்கொண்ட முதியவர் ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நோட்டு எடுத்துக்கினு போனவங்க திருப்பிக் கொண்டாந்து குடுத்தது இதான் சார் மொதத் தபா" என்றார். எடுத்த பெயரைத் திருப்பித் தருவது கடினமான செயல் அன்று. ஆயினும் நாம் அதனை அரிதாகவே செய்கிறோம். மனிதரின் நற்பெயரை எடுத்தவர்களும் அவ்வாறு திருப்பித் தரக் கற்பார்களாக.